'எழுந்திரு' என்று சொல்வதற்கு முன்

(ஏற்காட்டில் நடைபெற்ற ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழே சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்திருக்கிறீர்கள். மலைக்குள்ளிருந்தே மினி பஸ்ஸிலும் நடந்தும் வந்தவர்களும் இருக்கிறீர்கள். காலையில் நல்ல பனி. அதையும் தாண்டி நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

நான் கணக்கு டீச்சர். கால்பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்ததைப் பார்த்தேன். நியாயமான சிரிப்புதான். எங்கள் பள்ளியில் சில காலம் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. விளையாட்டுப் பாடவேளையை யாராவது எடுக்க வேண்டும். ஊதல் என் கைக்கு வந்தது. அந்த ஊதலை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சாதனைகளைப் பகிர்ந்துகொள்ள நமக்கு நிறைய மேடைகள் கிடைக்கின்றன. தவறைப் பகிர்ந்துகொள்ள இன்று ஒரு இடம் கிடைத்திருக்கிறது.

2022 நவம்பர். கத்தாரில் உலகக் கோப்பை. மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஒரு மேட்டுப்பாறைதான். அந்த மாதம் முழுக்க ராத்திரியில் அந்தப் பாறைமேல் பையன்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போன், பத்துத் தலைகள். பாதிப் பேர் அர்ஜென்டினா, பாதிப் பேர் பிரேசில். கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கு 30 அடியில் கட் அவுட் வைத்தார்கள். அதைப் பார்த்த பிரேசில் ரசிகர்கள் நெய்மருக்கு 40 அடியில் வைத்தார்கள். பிறகு ரொனால்டோவும் வந்து நின்றார். அந்தப் படம் எங்கள் பிள்ளைகளின் நோட்டு அட்டை வரைக்கும் வந்துவிட்டது.

நவம்பர் 24 அன்று பிரேசிலும் செர்பியாவும் மோதின. நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 12.30 மணி ஆட்டம். அந்த ஒரு ஆட்டத்தில் நெய்மரை எதிரணியினர் ஒன்பது முறை விதிமீறித் தடுத்தார்கள். கடைசியில் வலது கணுக்கால் வீங்கி, முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு வெளியே உட்கார்ந்தார். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே எங்கள் வராந்தாவில் விவாதம் தொடங்கிவிட்டது. அவர் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. "நடிக்கிறானா, நிஜமாவே அடியா?" என்பதுதான் கேள்வி.

பிள்ளைகள் ஏன் அப்படிக் கேட்டார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2018 ரஷ்ய உலகக் கோப்பையில் நெய்மர் விழுந்து உருண்டதை உலகமே கேலி செய்தது. அந்தத் தொடரில் முதல் நான்கு ஆட்டங்களில் மட்டும் அவர் ஏறத்தாழ 14 நிமிடங்கள் தரையில் கிடந்தார் என்று ஒரு சுவிட்சர்லாந்துத் தொலைக்காட்சி கணக்குப் போட்டுச் சொன்னது. யாராவது "நெய்மர்!" என்று கத்தினால் சிறுவர்கள் எல்லோரும் விழுந்து உருள வேண்டும் என்று ஒரு விளையாட்டே பரவியது. அவரும் சும்மா இருக்கவில்லை. குழந்தைகளை விழவைத்துச் சிரிக்கும் காணொலி ஒன்றைத் தானே தன் இன்ஸ்டாகிராமில் போட்டார். பிறகு, சில நேரம் மிகைப்படுத்துகிறேன்தான், ஆனால் மைதானத்தில் எனக்கு நிஜமாகவே வலிக்கிறது என்ற பொருளில் மனம்விட்டுப் பேசினார். ஆனால் அந்தப் பேச்சு ஒரு சவர பிளேடு நிறுவனத்தின் விளம்பரமாக வந்தது. யார் நம்புவார்கள்?

ஆகவே நெய்மரை நான் இங்கே குற்றமற்றவராகக் காட்ட வரவில்லை. அவருடைய நடத்தையைப் பற்றிக் கேள்வி கேட்க ரசிகர்களுக்கு உரிமை இருக்கிறது. நடிப்பு என்றால் நடிப்பு என்று சொல்லலாம். ஆனால், அடிபட்டு ஒருவர் தரையில் கிடக்கும் அந்த நிமிடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பது வேறு விஷயம். இந்த இரண்டும் வேறுவேறு என்பதை எனக்கு ஒரு எட்டாம் வகுப்புப் பையன்தான் கற்றுக்கொடுத்தான். அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவன் முகம் ஏற்கெனவே தேவைக்கு அதிகமான போன்களுக்குப் போய்விட்டது.

நவம்பர் 28, திங்கட்கிழமை. கடைசிப் பாடவேளை. எங்கள் மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சரிவை வெட்டிச் சமமாக்கிய இடம். ஒரு பக்கம் பள்ளிச் சுவர், மறுபக்கம் சில்வர் ஓக் மரங்களும் காப்பிச் செடிகளும். பந்து அந்தப் பக்கம் இறங்கினால் எடுத்து வரப் பத்து நிமிடம் ஆகும். அதனால் பிள்ளைகள் பந்தை விடாமல் ஓடித் தடுப்பார்கள். அப்படி ஓடிய அந்தப் பையன் இன்னொருவன் காலில் இடறி, கால் மடங்கி விழுந்தான். விழுந்த வேகத்தில் இரண்டு புரளு புரண்டான்.

உடனே யாரோ "நெய்மர்!" என்று கத்தினார்கள். இன்னும் நாலு பேர் கத்தினார்கள். இரண்டு பேர் அவன் பக்கத்திலேயே விழுந்து உருண்டு காட்டினார்கள். மைதானம் முழுக்கச் சிரிப்பு. சுவர்மேல் உட்கார்ந்திருந்த ஊர் இளைஞன் ஒருவன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். ஊதலை ஊதிவிட்டு, "நடிச்சது போதும், எந்திரிடா" என்றேன்.

அவன் எழுந்தான். அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. வலியோடு எழுந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனான்.

செவ்வாய் வரவில்லை. புதனும் வரவில்லை. காப்பி எடுக்கும் காலத்தில் எங்கள் பிள்ளைகள் இரண்டு நாள் வராமல் இருப்பது புதிதல்ல. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா தோட்டத்து வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. பாட்டி எண்ணெய் தடவி நீவி, துணியால் கட்டுப் போட்டிருந்தார். கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது.

"ஏன் தம்பி அன்னைக்கே சொல்லலை?" என்றேன்.

"நீங்களே நடிக்காதன்னு சொல்லிட்டீங்களே டீச்சர்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கரும்பலகையில் நான் எழுதியதை நோட்டில் எழுதிக்கொள்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

மறுநாள் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். எக்ஸ்ரேயில், கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பு வளரும் பகுதியில் விரிசல். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் இந்த மென்மையான பகுதி இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகும் அடி, பிள்ளைகளுக்கு அங்கே விரிசலாகிவிடலாம். கவனிக்காமல் விட்டால் கால் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். "அடிபட்ட காலோட எவ்வளவு தூரம் நடந்தான்?" என்று டாக்டர் கேட்டார். மூன்று கிலோமீட்டர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனே சொன்னான். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த நாட்களில் இன்னொரு செய்தியும் என் மனதை அழுத்திக்கொண்டிருந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். அதே நவம்பரில்தான், உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர், கல்லூரி மாணவி, முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் உயிரிழந்தார். யாரும் கவலைப்பட வேண்டாம், சீக்கிரம் விளையாடத் திரும்பி வருவேன் என்று தன் நண்பர்களுக்காக வாட்ஸ்அப்பில் எழுதி வைத்திருந்தார் அந்தப் பெண். பத்து நாள் கழித்து, கணுக்கால் வீங்கிய நெய்மரும் தன் பக்கத்தில் அதையேதான் எழுதினார், திரும்பி வருவேன் என்று. உலகத்தின் விலை உயர்ந்த காலுக்குச் சொந்தக்காரரும், நம் தெருவில் பந்து உதைத்த பெண்ணும், அடிபட்டதும் முதலில் சொல்ல நினைத்தது ஒரே வார்த்தைதான். அதற்குப் பிறகு, விழுந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் துணிவில்லை.

சரி, அந்தப் படம் என்ன ஆயிற்று? சுவர்மேல் இருந்த இளைஞன் அதற்கு வடிவேலு வசனம் ஒன்றை ஒட்டி ஸ்டேட்டஸில் வைத்தான். அது ஊர் ஊராகப் போனது. பையன் காலில் கட்டோடு படுத்திருக்கும்போது பக்கத்து ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனும் பார்த்திருக்கிறான். பாட்டியும் பார்த்திருக்கிறார். அந்த இளைஞனை வரச்சொல்லிப் பேசினேன். கெட்ட பையன் இல்லை. "அடிபட்டிருக்குன்னு தெரியாது டீச்சர்" என்றான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே, எனக்கே தெரியவில்லையே, நான் அவனை என்ன சொல்ல முடியும்? படத்தை எடுத்துவிட்டான். ஆனால் மற்றவர்கள் போனில் இறங்கியதை யார் எடுப்பது?

பிரேசிலில் அதே வாரம் என்ன நடந்தது என்று பாருங்கள். நெய்மரின் கணுக்கால் அடிபட்டதில் சந்தோஷப்பட்டவர்களில் பிரேசில்காரர்களே இருந்தார்கள். அந்த அக்டோபரில் அங்கே அதிபர் தேர்தல் நடந்தது. நெய்மர் ஒரு வேட்பாளரை ஆதரித்து வெளிப்படையாகக் காணொலி போட்டிருந்தார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. கூட விளையாடும் ரஃபீன்யா தாங்க முடியாமல் எழுதினார்: அர்ஜென்டினாக்காரர்கள் மெஸ்ஸியைக் கடவுளாக நடத்துகிறார்கள், போர்ச்சுகல்காரர்கள் ரொனால்டோவை அரசனாக நடத்துகிறார்கள், நம் ஆட்கள் நெய்மரின் கால் உடைய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள் என்று. அவருடைய அரசியலோடு ஒருவர் உடன்படாமல் இருக்கலாம். வாக்குச் சீட்டில் பதில் சொல்லலாம். கணுக்காலுக்கு அரசியல் ஏது?

இன்னும் எட்டு வருடம் பின்னால் போனால், 2014 ஜூலை 4. கால் இறுதியில் கொலம்பியா வீரர் சூனிகாவின் முழங்கால் நெய்மரின் முதுகில் மோதியது. சக வீரர் மார்செலோ ஓடி வந்தபோது, கால்களில் உணர்வே இல்லை என்றார் நெய்மர். முதுகெலும்பில் முறிவு. இம்முறை ரசிகர்களின் கோபம் சூனிகா மீது திரும்பியது. கொலை மிரட்டல்களும் நிறவெறி வசைகளும் குவிந்தன. கொலம்பியர்களுக்கு அது வெறும் மிரட்டலாகத் தெரியாது. 1994 உலகக் கோப்பையில் சொந்த வலைக்குள் கோல் போட்ட ஆந்த்ரேஸ் எஸ்கோபார் பத்தே நாளில் ஊர் திரும்பிய இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அடிபட்ட நெய்மர் என்ன சொன்னார்? சூனிகா தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார், எனக்கு அவர்மேல் வெறுப்பில்லை என்றார். அடிபட்டவர் மன்னித்துவிட்டார். அடிபடாதவர்கள்தான் மன்னிக்கவில்லை.

பையன் கட்டோடு இருந்த நாட்களில் வகுப்பில் ஒரு வேலை செய்தேன். கண்டிப்பதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பதால் முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு முதல் தப்பு என்னுடையது. ஊதல் வைத்திருந்தவள் நான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிள்ளைகள் தலை நிமிரவே இல்லை. டீச்சர் மன்னிப்புக் கேட்டால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு, நெய்மருக்கு அடிபட்டபோது என்னென்ன பேசினீர்கள், என்னென்ன படித்தீர்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதினேன். 'நெய்மர் கால் உடைஞ்சா நல்லது.' 'நெய்மர் சினிமாவுக்குப் போகலாம்.' 'நெய்மர் வீட்டுல உக்காரட்டும்.' பலகை நிறைந்தது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். பிறகு டஸ்டரை எடுத்து 'நெய்மர்' என்ற பெயரை மட்டும் அழித்தேன். வாக்கியங்கள் அப்படியே இருந்தன. சாக்பீஸை நீட்டி, "கோடிட்ட இடத்தை நிரப்புங்க. நம்ம வகுப்புல யார் பெயரை எழுதலாம்?" என்றேன்.

யாரும் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை மட்டும் எழுந்து கேட்டாள்: "ஆனா டீச்சர், நெய்மர் இதையெல்லாம் பார்க்கவா போறாரு?"

நல்ல கேள்வி. பெரியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர் எங்கோ இருக்கிறார், கோடிகோடியாகச் சம்பாதிக்கிறார், ஏற்காட்டில் ஒருவன் போட்ட ஸ்டேட்டஸ் அவரை என்ன செய்யும் என்று. நான் சொன்னேன்: "அவர் பார்க்க மாட்டார் கண்ணு. நம்ம பையன் பார்த்தான்."

மல்லாந்து படுத்து எச்சில் துப்பினால் மார்மேல் விழும் என்பார்கள். உயரத்தில் இருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் துப்புகிறோம். அது அவரைத் தொடாது. பக்கத்தில் படுத்திருப்பவன்மேல்தான் விழும். கத்தாரில் இருந்தவரைக் கேலி செய்து செய்து, விழுந்தவனைப் பார்த்ததும் சிரிக்க நம் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். பழகிய பழக்கம் அந்தத் திங்கட்கிழமை எங்கள் மைதானத்தில் வேலை செய்தது. நான் இன்று சொல்ல வந்த செய்தி இவ்வளவுதான்.

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கும் சொல்கிறேன். அந்த உலகக் கோப்பையின்போது ஃபிஃபாவும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து சமூக ஊடகத்தில் 2 கோடிப் பதிவுகளை ஆராய்ந்தன. வசை, மிரட்டல் என்று உறுதியானவை 19,000க்கும் மேல். விகிதம் போட்டுப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. "அவ்வளவுதானா?" என்றார்கள். ஆமாம், அவ்வளவுதான். ரசிகர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அடிபட்டவன் அந்த 999ஐ மறந்துவிடுவான். அந்த ஒன்றுதான் அவனுக்கு ராத்திரியில் நினைவுக்கு வரும். எங்கள் மைதானத்திலும் முதலில் கத்தியது ஒரே ஒரு குரல்தான். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினோம்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடுகின்றன. டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமலே சரிந்து விழுகிறார். இதயம் நின்றுவிட்டது. அணித்தலைவர் சீமோன் கியர் ஓடிவந்து முதலில் கவனிக்கிறார். பிறகு வீரர்கள் எல்லோரும் அவரைச் சுற்றி வளையமாக நிற்கிறார்கள். எப்படித் தெரியுமா? அவருக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்து. எந்தக் கேமராவும் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று. தொலைக்காட்சியோ தொடர்ந்து காட்டிக்கொண்டிருந்தது. பிறகு பிபிசி அதற்காக மன்னிப்புக் கேட்டது. மைதானத்தில் பின்லாந்து ரசிகர்கள் "கிறிஸ்டியன்" என்று குரல் கொடுக்க, டென்மார்க் ரசிகர்கள் "எரிக்சன்" என்று பதில் கொடுத்தார்கள். அங்கேயும் கூட்டம் கத்தியது வீரனின் பெயரைத்தான். எங்கள் மைதானத்தில் கத்தியதும் ஒரு வீரனின் பெயரைத்தான். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். எரிக்சன் பிழைத்தார். 1,100 நாட்கள் கழித்து, அடுத்த யூரோ கோப்பையில் தன் நாட்டுக்காகக் கோல் அடித்தார்.

இந்த வளையத்தைத்தான் நாங்கள் எங்கள் பள்ளி விதியாக்கிக்கொண்டோம். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். காசு செலவில்லை.

யார் விழுந்து உடனே எழவில்லையோ, ஊதல் ஊதப்படும். எல்லோரும் நின்ற இடத்திலேயே உட்கார வேண்டும். பக்கத்தில் இருக்கும் மூன்று பேர் மட்டும் போய், அவனுக்கு முதுகு காட்டி மறைத்து நிற்க வேண்டும். ஆசிரியர் வரும்வரை கைகொடுத்துத் தூக்கக் கூடாது. நான் வந்து கேட்பேன்: எங்கே வலிக்கிறது? விரல்களை அசைக்க முடிகிறதா? வீக்கமோ கோணலோ இல்லை என்றால், ஊன்றி நாலு அடி வைக்க முடிகிறதா? நாலு அடி வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். கோணலாகத் தெரிந்தால் நடக்கவே விடக் கூடாது. இருக்கிற நிலையிலேயே அட்டையோ ஸ்கேலோ வைத்துக் கட்டி, 108ஐ அழைக்க வேண்டும். எண்ணெய் தடவி நீவுவது வேண்டவே வேண்டாம். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம். எங்கள் மலையில் ஐஸ் எங்கே? குழாய்த் தண்ணீரே போதுமான அளவு குளிராக இருக்கிறது, துணியை நனைத்துப் போடுகிறோம். காலை உயர்த்தி வைக்கிறோம். அன்றே பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும், மறுநாள் அல்ல. விழுந்தவனை யாரும் படம் எடுக்கக் கூடாது. சுவர்மேல் உட்காருபவருக்கும் இந்த விதி உண்டு.

"அப்போ நடிக்கிறவனை என்ன டீச்சர் பண்றது?" என்று ஒருவன் கேட்டான். அதற்கும் ஆட்டத்தின் விதியிலேயே இடம் இருக்கிறது. நடுவரை ஏமாற்ற விழுந்தால் மஞ்சள் அட்டை. கண்டிப்பாகக் கொடுப்பேன். ஆனால் முதலில் கால், பிறகுதான் அட்டை. வரிசை மாறக் கூடாது. 'புலி வருது, புலி வருது' கதையை நாம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். பொய் சொன்ன பையனுக்குத்தான் அறிவுரை சொல்வோம். ஊர்க்காரர்களுக்கு என்ன அறிவுரை என்று நான் யோசித்ததே இல்லை. பத்தாவது முறையும் ஒரு எட்டு ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாம். என்ன நஷ்டம்? அரை நிமிடம்.

மறுவருடம் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு பரீட்சை வந்தது. 2023 ஆகஸ்டில் நெய்மர் சவுதியின் அல் ஹிலால் அணிக்குப் போனார். ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கில் அந்த அணியும் மும்பை சிட்டியும் ஒரே பிரிவில் விழுந்தன. நெய்மர் நவி மும்பைக்கு வந்து ஆடப்போகிறார் என்று நாடே துள்ளியது. எங்கள் பள்ளியில் படித்து மும்பையில் ஓட்டல் வேலைக்குப் போன ஒரு பையன் டிக்கெட்டுக்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். அக்டோபர் 17 அன்று உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் நெய்மரின் இடது முழங்காலில் தசைநார் கிழிந்தது. நவம்பர் 6 அன்று அல் ஹிலால் வந்தது, வென்றது. நெய்மர் வரவில்லை.

முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று வந்த வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது. மும்பைப் பையனின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஏமாற்றமே படக் கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் அத்தனை வசைகளுக்கும் நடுவே, அண்ணனின் போனில் அந்தக் குழுவைப் படித்த எங்கள் மாணவி ஒருத்தி, அண்ணன் பெயரிலேயே ஒரு வரி போட்டிருந்தாள்: "அவருக்கு கால் எப்படி இருக்குன்னு யாராவது கேட்டீங்களா?" நெய்மர் பார்க்கவா போகிறார் என்று என்னிடம் கேட்டவள்தான் அவள். அந்த வரிக்குக் கீழே கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு மும்பைப் பையன்தான் எழுதினான்: "ஒரு வருஷம் ஆகுமாம் பாப்பா." அப்படியே ஆனது. மறுவருடம் அக்டோபரில்தான் நெய்மர் மறுபடி ஆட்டத்தில் இறங்கினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். அந்தப் பையனின் கால் நன்றாகிவிட்டது. மறுபடியும் விளையாடினான். நன்றாகவே விளையாடினான். ஆனால் ஒன்றை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை. அவன் விழுந்தால் மிக வேகமாக எழுந்துவிடுவான். மற்ற பிள்ளைகள் எழ எடுக்கும் நேரத்தில் பாதிகூட அவனுக்கு ஆகாது. யாராவது தன் பெயரைச் சொல்வதற்கு முன், யாராவது சிரிப்பதற்கு முன், நின்றுவிட வேண்டும் அவனுக்கு.

நான் ஊதலை ஊதுவேன். எல்லோரும் உட்காருவார்கள். மூன்று பேர் போய் முதுகு காட்டி நிற்பார்கள்.

"ஒண்ணுமில்ல டீச்சர், நல்லா இருக்கேன்" என்பான்.

"தெரியும் தம்பி. இருந்தாலும் உட்காரு, பார்க்கிறேன்" என்று சொல்லி, அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்து கணுக்காலைத் தொட்டுப் பார்ப்பேன். அன்று நான் பார்க்காமல் விட்ட கால் அது.